ஒரு ரெஞ்சுக்கு ஒரு செருப்பு

கொழும்பு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், ஒரு சுத்தியலுக்காக மாதா கோயில் பாதரையே ஒற்றைச் செருப்போடு வீதியில் நடக்கவிட்ட மனிதர், எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் இருந்த செருப்பு பாஸ் ஒருவராகத்தான் இருப்பார்.

பெயரை நம்பி அறுந்த செருப்போடு வந்து ஏமாந்தவர்கள் உண்டு. அவர் செருப்புத் தைப்பவரல்ல, தண்ணீர்க் குழாய் வேலைக்காரர். இங்கே கைத்தொழில் தெரிந்த எவரும் பாஸ்தானே. எப்போதோ யாரோ இரவல் வாங்கிப்போன ட்ரில் திரும்பி வரவேயில்லை. அன்றைக்குப் போட்டார் ஒரு சட்டம்: சாமான் வேண்டுமென்றால் காலில் கிடக்கும் செருப்பில் ஒன்றைக் கழற்றி வைக்க வேண்டும்.

"ஒற்றைச் செருப்போட எவனும் கனதூரம் போகேலாது, தம்பி" என்பது அவர் விளக்கம்.

நான் ஒருமுறை கெட்டித்தனம் காட்டினேன். குளியலறைச் செருப்பொன்றைக் கையில் தூக்கிக்கொண்டு ஸ்பேனர் கேட்கப் போனேன். மனிதர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"காலில கிடக்கிறதைக் கழட்டும்."

"ஏன் பாஸ், இதுவும் செருப்புத்தானே?"

"அது இல்லாட்டி உமக்கு என்ன குறை? குறை இருந்தால்தான் என்ர ஸ்பேனர் ஞாபகம் வரும்."

கழற்றினேன், வேறென்ன செய்வது! மோட்டார் சைக்கிளில் நட் கழன்று வந்த பொலிஸ்காரருக்கும் சிங்களத்தில் அதே சட்டம்தான். பாவம், ஒரு சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு காலில் காலுறையோடு நின்று நட்டை இறுக்கினார். திருவிழாக் கொடிமரத்துக்குச் சுத்தியல் கேட்டுப் பாதர் வந்தபோது பாஸின் மனைவிக்கே பொறுக்கவில்லை.

"ஐயோ, பாதர் எங்கையேனும் ஓடிப் போவாரே?"

"பாதர் ஓடமாட்டார். சுத்தியல் ஓடும்."

பாதர் சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார்.

இந்த வெட்கக்கேட்டுக்குப் பயந்தே ஒழுங்கை முழுவதும் மருதானைக்குப் போய்ச் சொந்தமாகச் சாமான் வாங்கியது. ஒரு வீட்டில் அறுக்கிற வாள், ஒரு வீட்டில் சுத்தியல். நான் வாங்கியது ஒரு பைப் ரெஞ்ச். அதைக்கொண்டு ஒரு குழாயையும் நான் தொட்டதில்லை என்பது வேறு கதை.

பிறகு, இரண்டு மாதம் வேலையில்லாமல் காய்ந்துபோயிருந்த பாஸுக்கு, வெள்ளவத்தையில் புதிதாக எழும்பிய தொடர்மாடியொன்றின் அத்தனை குளியலறைகளும் கிடைத்தன. காலை எட்டு மணிக்குச் சாமானோடு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு பாஸ் பார்ப்பேன் என்றிருந்தார் கொன்ட்ராக்டர். அதற்கு முதல்நாள் ஒருகொடவத்தையில் ஒரு சின்ன வேலையை முடித்த பாஸ், பிளேன்டீ குடிக்கப் பையைக் கீழே வைத்தார். குடித்துவிட்டுத் திரும்பினால் பையைக் காணோம். சாமான் அத்தனையும் போய்விட்டது.

பின்னேரம் எங்கள் வாசலில் வந்து நின்றார். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஒரு செருப்புக்கூட வைக்காமல் கொண்டு போட்டான், தம்பி."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. உள்ளே போய் ரெஞ்சைக் கொண்டுவந்து கொடுத்தேன். மனிதர் குனிந்து இடதுகால் செருப்பைக் கழற்றத் தொடங்கினார்.

"என்ன விசர் வேலை பாஸ் இது! உங்களிட்டை ஆர் செருப்புக் கேட்டது?"

"சட்டம் எண்டால் எனக்கும்தான்."

அப்போதுதான் கவனித்தேன், வலதுகால் ஏற்கெனவே வெறுங்கால். அந்தச் செருப்பு வாளுக்குப் பதிலாக முன்வீட்டில் இருந்தது.

"மனுசியின்ர, மகளின்ர எல்லாம் முடிஞ்சுது தம்பி. இதுதான் கடைசி."

சொல்லிவிட்டுத் தார் வீதியில் வெறுங்காலோடு இறங்கிப் போனார். ஆறு வீட்டில் ஆறு ஒற்றைச் செருப்பு.

மறுநாள் எட்டு மணிக்கு முன்னரே வெள்ளவத்தையில் நின்றார். கொன்ட்ராக்டர் இரவல் சாமான் நிறைந்த பையைத் திறந்து பார்த்தாரே தவிர, காலைப் பார்க்கவில்லை. வேலை கைநழுவாமல் தப்பியது. அந்த ஞாயிறு பூசைக்குக் குடும்பமே வெறுங்காலோடு வந்ததைக் கண்ட பாதர், ஏதோ நேர்த்திக்கடனாக்கும் என்று நினைத்தாராம்.

போகப்போகப் பாஸ் சொந்தமாகச் சாமான் வாங்கி, வீடு வீடாக இரவலைத் திருப்பிக் கொடுத்துச் செருப்புகளை மீட்டார். கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ரெஞ்சை நீங்களே வச்சிருங்கோ, பாஸ். எனக்கு என்னத்துக்கு?"

"அப்ப என்ர செருப்பு?"

"அது என்னட்டை இருக்கட்டும். சட்டம் எண்டால் சட்டம்தானே?"

ரெஞ்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சிரித்தபடியே படியிறங்கிப் போனார்.

இப்போது மகளோடு இத்தாலியில் இருக்கிறார். இடைக்கிடை வீடியோவில் வருவார். வந்ததும் ரெஞ்சைத் தூக்கிக் காட்டுவார், நான் ஓடிப்போய்ச் செருப்பைத் தூக்கிக் காட்டுவேன். சுகம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் வீடு கழுவும்போது என் மனைவி அந்த ஒற்றைச் செருப்பை எறியப் பார்ப்பாள். நான் விடுவதில்லை. ரெஞ்ச் எனக்கு வேண்டாம். செருப்பைக் கேட்டாவது அந்த மனிதர் ஒருநாள் எங்கள் படியேறி வந்தால் போதும்.