ஜன்னலும் ஒரு கறுப்புப் பொட்டும்

ஜன்னலை மீட்டே தீருவது என்று ஸ்ரீரங்கன் முடிவு கட்டினார்.

மயிலாப்பூரில் இப்போது மீட்பதற்கு ராஜ்யங்கள் கிடையாது. ஃபிளாட்டுகள்தான். அவருடைய ஃபிளாட்டில் உருப்படியான இடம் ஒன்றே ஒன்று. ஹாலின் கிழக்கு ஜன்னல். காலையில் காற்று வரும். கழுத்தை நீட்டினால் தெப்பக்குளம் தெரியும். அங்கே ஒரு பிரம்பு நாற்காலி. அதில் காபி, பேப்பர், அப்புறம் ஒரு குட்டித் தூக்கம். ரிடையர் ஆன மனிதனுக்கு வேறென்ன வேண்டும்.

அதுவும் போயிற்று. மனைவி ஜெயஸ்ரீ போனில் பாட்டு கிளாஸ் எடுக்க ஆரம்பித்தாள். டீச்சர் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டுமாம். ஜன்னல் விளிம்பில் போனுக்கு ஒரு ஸ்டாண்டு. பிரம்பு நாற்காலியில் அவள். வெளிநாட்டுக் குழந்தைகள் வரிசையாக வந்து சரளி வரிசையைக் கொலை செய்தார்கள். ஸ்ரீரங்கன் சமையலறை ஸ்டூலில், காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில், பேப்பர் படித்தார்.

நேராகவே கேட்டுப் பார்த்தார்.

"ஜன்னல் எனக்கு வேணும்."

"எதுக்கு?"

"உக்காரத்தான்."

"ஸ்டூல்ல உக்காந்துண்டுதானே இருக்கேள்."

பேச்சுவார்த்தை முடிந்தது. இனி விஞ்ஞானம்தான்.

ஸ்ரீரங்கன் லேசுப்பட்ட ஆள் இல்லை. கிண்டியில் ஒரு கருவித் தொழிற்சாலையில் ஆயுசு பூராவும் மீட்டர்களைச் சரிபார்த்தவர். பாண்டி பஜாரில் அவளுக்கு அந்தப் போனை வாங்கிய அன்றே ஒரு பிரசங்கம் செய்திருந்தார்.

"வெளிச்சம் பார்க்கற சென்சார் எங்கே இருக்கு, சொல்லு."

"ஒண்ணும் காணோமே."

"காணப்படாது. ஸ்கிரீனுக்கு அடியில இருக்கு. ஸ்கிரீன் நம்ம கண்ணுக்குத் தெரியாம விட்டு விட்டு அணையும். அந்த இடைவெளியில வெளி வெளிச்சத்தை அளந்துக்கும். இல்லேன்னா தன் வெளிச்சத்தையே ஊர் வெளிச்சம்னு நம்பிடும்."

"நம்மாத்துலயும் அப்படி ஒருத்தர் உண்டு," என்றாள் ஜெயஸ்ரீ.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. டார்ச்சை ஸ்கிரீன் மேல் மெல்ல நகர்த்தினார். மேலே வலது ஓரத்துக்கு வந்ததும் ஸ்கிரீன் பளிச்சென்றது. "இதோ, இங்கேதான்," என்று அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மறந்துவிட்டார்.

திட்டம் இதுதான். அந்த இடத்தை மூடினால் போன் இருட்டு என்று நினைத்துக்கொள்ளும். ஸ்கிரீன் மங்கும். ஜன்னல் வெளிச்சத்தில் மங்கின ஸ்கிரீன் கண்ணுக்கே தெரியாது. இருட்டான உள்ரூமில் நன்றாகத் தெரியும். கிளாஸ் உள்ரூமுக்குப் போகும். ஜன்னல் வீடு திரும்பும்.

எதைக்கொண்டு மூடுவது? விடை வீடு முழுக்க ஒட்டியிருந்தது. ஜெயஸ்ரீயின் ஸ்டிக்கர் பொட்டு. கண்ணாடியில், ஃப்ரிட்ஜில், குளியலறை டைல்ஸில். ஒருமுறை அவர் வழுக்கையிலேயே ஒன்று ஒட்டிக்கொண்டு பேங்க் வரை போய் வந்தது. போனில் ஒன்று இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? அவளே ஒட்டியதாக அவளே நினைத்துக்கொள்வாள்.

கண்ணாடியிலிருந்து ஒரு மெரூன் பொட்டை உரித்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே இருந்த இன்ஜினியர் விழித்துக்கொண்டார். மெரூன் கொஞ்சம் சிவப்பு ஒளியை விட்டுவிடும். அரைகுறை வேலை அவருக்கு ஆகாது. அலமாரியைக் குடைந்தார். மகள் நீரஜாவின் குழந்தைக்குக் கன்னத்தில் வைக்க வாங்கின கறுப்புப் பொட்டு அட்டை அகப்பட்டது. அதில் ஒன்றை எடுத்து ஒட்டினார். கச்சிதம்.

மறுநாள் காலை குரல் வந்தது.

"ஏன்னா, போன் இருண்டு கிடக்கு. இந்தப் பொண்ணு மஹதி தாளம் போடறாளா, கொசு அடிக்கறாளான்னே தெரியலை."

ஸ்ரீரங்கன் அவசரப்படாமல் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தார். முகத்தில் ஒரு டாக்டரின் கவலை.

"ஜன்னல் வெயில்ல சென்சார் திணர்றது. வெளிச்சம் சீரா விழணும். நேரா அடிக்கப்படாது. உள்ரூமுக்குப் போயிடு."

ஜெயஸ்ரீ போனைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஸ்ரீரங்கன் பிரம்பு நாற்காலியில் சாய்ந்தார். காற்று. காபி. தெப்பக்குளம். காபி ஆறுவதற்குள் அவள் திரும்பி வந்தாள்.

"உள்ரூம்ல போன் நன்னாத் தெரியறது. என்னைத்தான் தெரியலையாம். டீச்சர் எங்கேங்கறா மஹதி. எழுந்திருங்கோ."

"இங்கே மறுபடி மங்குமே."

"வெளிச்சம் சீரா விழணும், அவ்வளவுதானே? வெளியில வேஷ்டியைப் பிடிச்சா ஆச்சு."

"யார் பிடிக்கறது?"

ஜெயஸ்ரீ அலமாரியைத் திறந்தாள். எட்டு முழ வேஷ்டி கைக்கு வந்தது.

வேஷ்டியால் பிரயோஜனம் இல்லை என்று சொல்லலாம். பின்னே எதனால் பிரயோஜனம் என்று கேட்பாள். ஸ்ரீரங்கன் வாயை மூடிக்கொண்டு பால்கனிக்குப் போனார். அங்கே உட்கார இடம் கிடையாது. வாஷிங் மெஷின் உட்கார்ந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்று வேஷ்டியைத் தூக்கிப் பிடித்தார். அங்கிருந்து போனின் முதுகு மட்டும் தெரிந்தது.

"இப்போ எப்படி?"

"இன்னும் கொஞ்சம் மேலே."

"இப்போ?"

"தேவலை. அப்படியே நில்லுங்கோ. மஹதி, வர்ணத்தை முதல்லேர்ந்து பாடு."

எதிர் ஃபிளாட் ராஜகோபாலன் பல் குச்சியோடு வெளியே வந்தார்.

"என்ன ஓய், கொடிக்கயிறு அறுந்துடுத்தா?"

"வெளிச்சத்தைச் சீர் பண்றேன்."

"வேஷ்டியாலயா?"

"உள்ளே போம் ஓய்."

அவர் போகவில்லை. நாற்காலி கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு மட்டுமில்லை, தினமும்.

ஒரு வாரத்தில் ஸ்ரீரங்கனுக்கு டபராவைத் தூக்கக் கை எழும்பவில்லை. காஸ் சிலிண்டர் கனவில் வந்து கூப்பிட்டது. போதும். பொட்டை எடுத்துவிடுவது. போன் தானாகச் சரியாயிற்று என்று சொல்லிவிட்டு, மானத்தோடு ஸ்டூலுக்குத் திரும்புவது.

ஜெயஸ்ரீ குளிக்கப் போன நேரம் பார்த்துப் போனை எடுத்தார். வலது ஓரத்தை நகத்தால் சுரண்டினார். ஒன்றும் வரவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பொட்டு இல்லை. ஸ்கிரீன் அவர் முகத்தில் பளீரென்று அடித்தது.

"என்ன தேடறேள்?"

பின்னால் ஜெயஸ்ரீ நின்றிருந்தாள். தலையில் ஈரத் துண்டு, நெற்றியில் மெரூன் பொட்டு.

"தூசி துடைச்சேன்."

"கறுப்புத் தூசியா? அதை அன்னிக்கு உள்ரூம்லயே உரிச்சுப் போட்டுட்டேன். நீங்க விரல் வெச்சுக் காட்டின இடமாச்சே. அதுவும், நான் என்னிக்குக் கறுப்புப் பொட்டு வெச்சுண்டேன்?"

"அப்போ இத்தனை நாளா போன்..."

"அதுக்கென்ன, ஜம்முனு இருக்கு."

"பின்னே வேஷ்டி எதுக்கு?"

போன் அடித்தது. மஹதி. ஜெயஸ்ரீ பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டாண்டை நேராக்கினாள்.

"ஜன்னல் வேணும்னு கேட்டேளே, வெளிப்பக்கத்தைக் கொடுத்தேன். போங்கோ, ராஜகோபாலன் காத்துண்டிருக்கார்."