எண்ணெயில் முழுகிய பெஸ்டோவும் அத்தையின் இமைகளும்

அன்பு மருமகளுக்கு, லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்தோரு வருடம் ஊரையே மேலே ஏற்றிக் கீழே இறக்கிய உன் மாமன் எழுதுவது. நான் சுகம். உன் அத்தை சுகமா என்பது கடிதத்தின் கடைசியில்தான் தெரியும்; அவசரப்பட்டுத் தாளைத் திருப்பாதே. இப்போது நான் சொல்லப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள். கோர்ட்டில் சொன்னால் நீதிபதியே குடிக்கத் தண்ணீர் கேட்பார். ஆனாலும் பொய் ஒரு சொட்டும் கலக்காமல் எழுதுகிறேன்.

நீ கொடுத்துவிட்டுப் போன பேசில் துளசித் தொட்டி சமையலறை ஜன்னலில் இருந்ததல்லவா? அது வளர்ந்த வளர்த்தியில் மேல்மாடிக்காரர் தன் வீட்டுக்கு வெயில் வரவில்லை என்று புகார் கொடுத்தார். உள்ளே நுழைந்த இரண்டு புறாக்கள் வெளியே வர வழி தெரியாமல் அங்கேயே குடித்தனம் ஆரம்பித்துவிட்டன. வேறு வழியில்லாமல் ஞாயிற்றுக்கிழமை காலை அறுவடை செய்தேன். பெஸ்டோ என்கிற அந்த இத்தாலியத் துவையலுக்கு எல்லாம் நீ எழுதித் தந்த சீட்டுப்படிதான். இலையைக் கழுவி ஈரம் போகத் துணியில் ஒற்றி, பூண்டு நாலு பல், வறுத்த வால்நட் ஒரு பிடி, துருவிய சீஸ், உப்பு, ஆலிவ் எண்ணெய். மிக்ஸியை ஒரேயடியாக ஓட்டினால் ஜார் சூடாகி இலை கறுத்துக் கசக்கும், விட்டு விட்டு ஓட்டுங்கள் என்று எழுதியிருந்தாயே, அப்படியே செய்தேன். அந்தச் சத்தத்தில் நாலு மாடிக்காரர்களும் நிலநடுக்கம் என்று வீட்டுப் பத்திரங்களோடு படியிறங்கி, நான் நிறுத்தியதும் மேலேறி, மறுபடி ஓட்டியதும் மறுபடி இறங்கி, அன்றைக்கு அவர்கள் நடந்த நடைக்கு என் லிஃப்டே வெட்கப்பட்டிருக்கும்.

இதில் ஒரு சங்கடம். பாட்டிலை எங்கே வைக்கவேண்டும் என்ற கடைசி வரியில் எண்ணெயைக் கொட்டிவிட்டேன், எழுத்து அழிந்துபோயிற்று. போகட்டும், கியர்பாக்ஸ் பார்க்காதவனா நான்? எண்ணெயில் முழுகிக் கிடக்கும் எதற்கும் சாவில்லை என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். பெஸ்டோவைப் பாட்டிலில் அடைத்து, ஒரு விரல் உயரத்துக்கு எண்ணெய் நிற்க ஊற்றி, மூடியை ஸ்பேனர் போட்டு முறுக்கி, அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் கிரீஸ் டப்பாவுக்குத் துணையாக வைத்தேன். பிறகு அலமாரியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எண்ணெயை நம்பவேண்டும்.

வியாழன் மத்தியானம் அத்தை பாஸ்தா வேகவைத்து அந்தப் பாட்டிலை அப்படியே கவிழ்த்துக் கிளறினாள். அவள் இரண்டு தட்டு சாப்பிட்டாள், எனக்கு வழித்த கிண்ணம். "பரவால்ல, உங்க கைக்கும் ருசி இருக்கு" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து கேட்காத வார்த்தையம்மா அது. தலைகால் புரியாமல் மாத்திரை என்று நான் பட்டப்பெயர் வைத்திருக்கும் எதிர்வீட்டுக்காரரிடம் போய்ப் பீற்றிக்கொண்டேன். மருந்துக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிரித்தே நான் பார்த்ததில்லை.

"பச்சைப் பூண்டை எண்ணெய்ல மூடி நாலு நாளா வெளியிலயா வச்சீங்க?" என்றார். "அதுல ஒரு விஷம் ஊறும் சார். நிறம் மாறாது, வாசம் மாறாது, ருசியும் மாறாது."

"அப்ப எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?"

"கண்ணு ரெண்டு ரெண்டாத் தெரியும், நாக்கு குழறும், இமை தொங்கும். இன்னிக்கே தெரியணும்னு இல்ல, நாளைக்கும் ஆகலாம். தொங்குச்சுன்னா நிக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க."

வீட்டுக்கு ஓடி வந்து காலிப் பாட்டிலைப் பார்த்தேன். நிறம் அருமை. முகர்ந்தேன், வாசம் அருமை. விரலால் வழித்து நக்கினேன், ருசியும் அருமை. மூன்றும் அவர் சொன்னபடியே இருந்ததில் எனக்கு ரத்தம் உறைந்துவிட்டது. அத்தை நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட் தண்டவாளம் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டை எடுத்து அவள் முகத்துக்கு நேரே தொங்கவிட்டு இமைகளை அளந்தேன். இடது இமை ஒரு நூல் இறக்கம். நாக்கைச் சோதிக்க, என்னிடம் உள்ள குறைகளைக் கொஞ்சம் சொல்லேன் என்று கேட்டேன். கல்யாண நாளில் தொடங்கி வருடவாரியாக, ஒரு எழுத்துக் குழறாமல், சாயங்காலக் காபிவரை சொன்னாள். அத்தனையையும் ஆனந்தமாகக் கேட்டேன். கடைசியில் இரண்டு விரலைக் காட்டி எத்தனை என்றேன்.

"ரெண்டு. ஏன், நாலு தெரியணுமா? அதுல என்னத்தைப் போட்டீங்க?"

உளறிக் கொட்டிவிட்டேன். அத்தை ஒன்றும் பேசவில்லை. போச்சு, நாக்கு விழுந்துவிட்டது என்று நான் செருப்பைத் தேடும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நீங்க அலமாரில வச்ச அஞ்சாவது நிமிஷமே எடுத்து ஃபிரிட்ஜுல வச்சுட்டேன். நீங்க எண்ணெயைக் கொட்டறதுக்கு முன்னாடியே சீட்டை நான் படிச்சாச்சு."

ஆக, அத்தை சுகம். நீயும் கண் தெளிவாக, நாக்கு குழறாமல், இமை நிமிர்ந்து நீடூழி வாழவேண்டும் என்று வாழ்த்தும்,
உன் மாமன்.

பி.கு.: அத்தை இதைப் படித்துவிட்டாள். அத்தனையும் புளுகு என்று எழுதச் சொல்கிறாள். தொட்டியில் செடி முழங்கை உயரம்தான். புறா கிடையாது, நிலநடுக்கம் கிடையாது, தூக்குக்குண்டு துருப்பிடித்துப் பரணில் கிடக்கிறது. பெஸ்டோ அரைத்ததே அவள்தான். நான் மிக்ஸி மூடியைப் பிடித்துக்கொண்டேன். என்னைப் பாராட்டவும் இல்லையாம்.

கவர் தேட உள்ளே போயிருக்கிறாள், அதற்குள் எழுதுகிறேன். மாத்திரை சொன்னதற்குப் பிறகு, பாட்டிலை அவள் ஃபிரிட்ஜுக்கு மாற்றியது எனக்குத் தெரியாமல் இருந்த அந்த ஒரு மணி நேரம் மட்டும் நிஜம். சாப்பிட்டுவிட்டு அவள் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டாள். இரண்டு இமையும் தானாகத் திறக்கும்வரை நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.