வட்ட வாசலில் ஒரு குடும்பப் படம்

"நீ இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார் கையில் சிவப்புப் பட்டை கட்டியிருந்தவர்.

தாவ் யோங்லின் காமிராவைத் தாழ்த்தினான். மணி நாலு பத்து. தோட்டத்து மேற்குச் சுவரைத் தாண்டி வரும் வெயில் வட்ட வாசலுக்குள் நுழைந்து, குளத்துத் தண்ணீரில் பட்டு, வாசலில் நிற்பவர் முகத்தில் ஏறும். மொத்தம் இருபது நிமிடம். அதற்குள் எடுத்தால் அது படம். தவறினால் வெறும் சுவர்.

"மகன்," என்றான்.

அந்தத் தோட்டத்தில் காசு வாங்கிக்கொண்டு படம் எடுக்கக்கூடாது. பிடிபட்டால் உள்ளே வர வாங்கிய வருட அட்டை போய்விடும். அட்டை போனால் பிழைப்பும் போய்விடும். ஆகவே தோட்டத்து நுழைவாயிலைத் தாண்டியதும் சீனத்துச் சூசோ நகரத்துப் படக்காரர்கள் எல்லோரும் யாரோ ஒருவருக்குச் சொந்தக்காரர்களாகிவிடுவார்கள். யோங்லின் அந்த மாதத்தில் மட்டும் நான்கு பேருக்கு அண்ணன், இரண்டு பேருக்குக் கணவன்.

இந்தக் காவலரை அவன் முன்பு பார்த்ததில்லை. ஆனால் சிவப்புப் பட்டை கட்டியவர் உட்காரச் சொன்னால், உட்கார்ந்த பிறகுதான் ஏன் என்று யோசிப்பது அந்த ஊர் வழக்கம்.

வாசலில், வாடகைக்கு எடுத்த சிவப்பு உடுப்பில் மணப்பெண் நின்றாள். வயது அறுபத்திரண்டு. பெயர் ஹே குய்லான். பக்கத்தில் மாப்பிள்ளை மியாவ் தேசாங், ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக். நாற்பது வருடத்துக்கு முன் நடந்த கல்யாணத்தில் எடுத்தது ஒரே ஒரு படம். அதுவும் தபால்தலை அளவு, சான்றிதழில் ஒட்டுவதற்கு. காலையில் கால்வாய்த் தெருவின் கல்பாலத்தில் முயன்றார்கள். முன்னால் பதினேழு மணப்பெண்கள். இவர்கள் முறை வந்தபோது, பின்னால் மஞ்சள் தொப்பி போட்ட சுற்றுலாக் கூட்டம் ஒன்று வரிசையாக நின்று, நாற்றத் தோஃபு என்ற புளித்த சோயாக் கட்டியைத் தின்றுகொண்டிருந்தது. இனி இந்த வட்ட வாசல்தான். ஆறு மணிக்கு ஊருக்கு ரயில்.

"மகனா? பேரு?"

"தாவ் யோங்லின்."

"அப்பா பேரு?"

"மியாவ் தேசாங்," என்றார் பெரியவர், நேர்மையாக.

"அப்பா குடும்பப் பேரு மியாவ், புள்ளைக்கு மட்டும் தாவா?"

"அம்மா வழிப் பேரு வச்சிட்டாங்க," என்றான் யோங்லின் அவசரமாக.

"அம்மா பேரு?"

"ஹே குய்லான்," என்றாள் அம்மா, அதைவிட நேர்மையாக.

குளத்தில் ஒரு சிவப்பு மீன் மேலே வந்து வாயைத் திறந்தது. உடனே மூடிக்கொண்டு உள்ளே போனது.

"நான் வீட்டோட மாப்பிள்ளையாப் போயிட்டேன்," என்றான் யோங்லின். "இப்ப பொண்டாட்டி வீட்டுப் பேருதான் எனக்கு."

"என்னது?" என்றார் மியாவ் தேசாங். "இருக்கிறது ஒத்தப் புள்ள! என் பேரைத் தூக்கிப் போட்டுட்டு அடுத்தவன் வீட்ல போய் உக்காந்துட்டியா?"

யோங்லினுக்குப் பெருமையாக இருந்தது. இவ்வளவு நன்றாக நடிப்பார் என்று அவன் நினைக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே ஒரே மகன் என்பதும், தூரத்து ஷென்ஜென் நகரத்தில் இருக்கும் அந்த மகன் மூன்று புத்தாண்டாக ஊருக்கு வரவில்லை என்பதும் யோங்லினுக்குத் தெரியாது.

"விடுங்க. சோறாவது ஒழுங்காப் போடுறாங்க போல, தொப்பையப் பாருங்க," என்றாள் குய்லான்.

"நம்புற மாதிரி இல்லையே," என்றார் பட்டைக்காரர். "உன் பொண்டாட்டிக்கு ஃபோன் போடு. ஸ்பீக்கர்ல."

கல்யாணமே ஆகாத யோங்லின், உடை வாடகைக் கடையில் மேக்கப் போடும் துவான் மெய்க்கு ஃபோன் போட்டான். சமாளித்துக்கொள்வாள், கெட்டிக்காரி.

"என்னம்மா, நாந்தான். அப்பா அம்மாவோட தோட்டத்துல இருக்கேன்," என்று குழைந்தான்.

"குடிச்சிருக்கியா?" என்றது ஃபோன். "அந்தச் சிவப்பு உடுப்பு அஞ்சு மணிக்கு இங்க இருக்கணும். அடுத்த கிழவி வந்து உக்காந்திருக்கா!"

கட்.

"அடுத்த கிழவியா?" என்றாள் குய்லான். "மாமியாரைப் பேசுற பேச்சா இது? பிடிச்சாலும் பிடிச்சே, நல்லாப் பிடிச்சே!"

"நல்லா வளத்து வச்சிருக்க பொண்டாட்டிய," என்றார் தேசாங்.

நாலு பதினெட்டு. வெயில் குய்லானின் தோளிலிருந்து காதுக்கு ஏறியிருந்தது.

பட்டைக்காரர் வெயிலைப் பார்த்தார். பெரியவர்களைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"இந்த வயசுல இவங்களை இவ்வளவு நேரம் நிக்க வைக்கிற. நீயெல்லாம் ஒரு புள்ள! குடும்பம்னா மூணு பேரும் சேந்து நிக்கணும். காமிராவக் குடு. போய் அம்மா பக்கத்துல நில்லு."

வேறு வழியில்லை. நின்றான்.

அவர் காமிராவைப் பார்க்காமலேயே சக்கரத்தை இரண்டு சொடுக்கு திருப்பினார். ஒரு முழங்காலை ஊன்றினார். "அம்மா, தாடைய ரெண்டு விரல் இறக்குங்க. ஐயா, அவங்க முழங்கையப் பிடிங்க. பிடிக்கிறதுன்னா பஸ் கம்பியப் பிடிக்கிற மாதிரி இல்ல. ஆங். மகனே, கொஞ்சம் தள்ளு. இன்னும். அந்த மூங்கிலுக்கு அந்தப் பக்கம்."

"இதென்ன, நாப்பது வருஷமா இப்படிப் பிடிச்சதே இல்ல," என்றாள் குய்லான் கணவனிடம், உதட்டை அசைக்காமல்.

"நீ குடுத்தாத்தானே பிடிக்க," என்றார் அவர்.

அவள் சிரித்தாள். அந்த நொடியில் மூன்று கிளிக்.

யோங்லின் காமிராவைத் திரும்ப வாங்கித் திரையைப் பார்த்தான். இருவர் முகத்திலும் தண்ணீரின் ஒளி. அவள் சிரிப்பு. அவர் அவளைப் பார்த்த பார்வை. இடது ஓரத்தில், மூங்கிலோடு மூங்கிலாக, அவனுடைய முழங்கை. பன்னிரண்டு வருடத் தொழிலில் அவன் இப்படி ஒரு படம் எடுத்ததில்லை. இந்த ஊரில் காவலாளிகூட நம்மைவிட நன்றாக எடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டான். கொஞ்சம் வலித்தது.

குய்லான் திரையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, மேக்கப் கலையாமல் கண்ணின் ஓரத்தை ஒற்றினாள்.

"சரி, எடுத்தாச்சுல்ல, கிளம்புங்க," என்றார் பட்டைக்காரர். "இந்தத் தடவை அட்டையப் பிடுங்காம விடுறேன். ஆத்தா அப்பன் முகத்துக்காக."

யோங்லின் மூன்று முறை குனிந்து வணங்கினான். தேசாங்கும் ஒருமுறை வணங்கினார். மூவரும் நடைபாதை வளைவில் திரும்பி மறைந்ததும், பாறைக்குப் பின்னாலிருந்து வெளிர்ப்பச்சைப் பட்டுடையில் ஒரு இளம் மணப்பெண் தலையை நீட்டினாள்.

"போயிட்டாங்களா மாஸ்டர்? சீக்கிரம் அந்தப் பட்டையக் கழட்டிட்டு வந்து எங்களை எடுங்க, வெயில் இன்னும் எட்டு நிமிஷந்தான் இருக்கு. யாராவது கேட்டா நீங்க எனக்குச் சித்தப்பாதானே?"