ஜெஸீமாவின் ஜன்னலும் நியாயமான போட்டியும்

தெரணியகலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கும் ஜெஸீமா, ஆறு வருடமாகப் பாரதூரமான ஒரு குற்றத்தைச் செய்துவந்தார். மேல்கணக்குத் தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸுக்கு நேர அட்டவணை உண்டு. அது பஸ்ஸுக்குத் தெரியாது. ஆகவே அது ஸ்டாண்டுக்குள் நுழைவதை ஜன்னல் வழியே பார்த்ததும், "மேல்கணக்கு பஸ் வந்துட்டு" என்று வட்ஸ்அப் குரூப்பில் போடுவார். எண்ணூற்று மூன்று பேர் அதைப் பார்த்துத்தான் செருப்பு மாட்டினார்கள்.

ஒருநாள், டிஜிட்டல் தளங்களின் நியாயப் போட்டி அலுவலகத்திலிருந்து உதவி ஆணையாளர் கிருஷ்ணராஜ் வந்திறங்கினார்.

"நீங்க ஒரு ஆதிக்கத் தளம்மா."

"தையல் கடைங்க சேர்."

"இந்த ஊர் பஸ் தகவல் நூற்றுக்கு நூறும் உங்க கையில. போட்டியே இல்ல."

"போட்டிக்கு யாரும் வரலயே சேர்?"

"ஆதிக்கம்ங்கிறதே அதுதான்."

அலுவலகமே போட்டியை உண்டாக்கியது. வெற்றிலைக் கடை மஹ்ரூப் ஒரு குரூப்பும், சலூன்காரர் ஒரு குரூப்பும் ஆரம்பித்தார்கள். இரண்டு கடையிலிருந்தும் பஸ் தெரியாது. ஜெஸீமா போடுவதை எடுத்து அப்படியே போட்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று மக்கள் மூன்றிலும் சேர்ந்தார்கள். ஒரே பஸ் மூன்று தடவை வந்தது.

ஜெஸீமாவின் செய்தி முந்திக்கொள்வது நியாயமற்ற அனுகூலம் என்று அடுத்ததாக ஒரு கட்டளை பிறந்தது. போட்டியாளர் இருவருக்கும் முதலில் அறிவித்து, அவர்கள் "கிடைத்தது" என்ற பிறகே அவர் தன் குரூப்பில் போடலாம். சலூன்காரர் யாருடைய தாடையிலாவது கத்தி வைத்திருந்தால் பதில் வராது. பஸ் போய்விடும்.

பிறகு மஹ்ரூப் முறையிட்டார், அவளுக்கு மட்டும் ஜன்னல் இருக்கிறதே என்று. "மேற்படி ஜன்னல் சந்தைப் போட்டிக்குக் குந்தகமானது" எனத் தீர்மானிக்கப்பட்டு, அதற்குக் கனத்த திரை போட உத்தரவானது. திரை தைக்கும் வேலையை மட்டும் போட்டியின்றி ஜெஸீமாவுக்கே கொடுத்தார்கள்.

அதன்பின் பஸ் எப்போது வருகிறதென்று யாருக்கும் தெரியவில்லை. மேல்கணக்குப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் சுஜீதா மூன்று நாள் பஸ்ஸைத் தவறவிட்டாள். பூட்டிய கதவுக்கு முன்னால் தாய்மார் இடுப்பில் பிள்ளையோடு நின்றார்கள். கொழுந்து பறிக்க மலைக்குப் பிந்திப் போனவர்களுக்குக் கங்காணி அரைநாள் சம்பளத்துக்குத்தான் பேர் போட்டார்.

திரையைப் பரிசோதிக்க வந்த கிருஷ்ணராஜைச் சுஜீதா கடை வாசலிலேயே மறித்தாள்.

"எங்க பொழப்பு போகுதுங்க சேர்!"

"முந்தி ஒரு குரூப்பை நம்பி இருந்தீங்க. இப்ப எதையும் நம்புறதில்ல. எவ்வளவு பெரிய சுதந்திரம்!"

"சுதந்திரம் இருக்குங்க. பஸ்ஸுதான் இல்ல."

அவர் கொஞ்சம் அசைந்தார். "சரி. மக்கள்கிட்டயே கேப்போம். வேணாம்னு கூடுதலான ஆளுங்க சொன்னா அன்னைக்கே ரத்து."

மறுநாள் எண்ணூற்று மூன்று போன்களுக்கும் கருத்துப் படிவம் போனது. சாயங்காலமே முடிவு வந்தது. எழுநூற்றுத் தொண்ணூற்றாறு பேர் இந்த ஏற்பாட்டை நிரந்தரமாக்கக் கேட்டிருந்தார்கள்.

சுஜீதா கடைக்கு ஓடிவந்தாள். "எந்தப் பாவிங்கக்கா இப்படிப் பண்ணினது?"

"நீங்க எதை அழுத்தினீங்க?"

சுஜீதா யோசித்தாள். "மேல பச்சையா ஒண்ணு இருந்திச்சே... அதை. நீங்க?"

ஜெஸீமா ஊசியில் நூல் கோத்தார். "நானும்தான். அவ்வளவு நீளத்தை யாரு வாசிக்கிறது?"

"மிச்சம் ஏழு பேராவது வாசிச்சிருக்காங்களேக்கா!"

"எங்க? அவங்களுக்கு டேட்டா முடிஞ்சிருந்திச்சாம்."