முப்படை எடுத்த ஒரே முடிவு

சென்னையில் முடிவெடுக்கத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். அத்தனை பேரும் சேர்ந்தாலும் என் நண்பன் முப்படையின் கால் தூசுக்குப் பெறமாட்டார்கள். ஓட்டலில் இட்லியா தோசையா என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் இரண்டும் தீர்ந்து, சர்வர் மதியச் சாப்பாட்டுக்கு இலை போட்டுவிடுவார்.

விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் ஒரு மொட்டைமாடி அறையில் நானும் அவனும் தங்கி, ராணுவ அதிகாரி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தோம். விண்ணப்பத்தில் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றையும் விருப்ப வரிசையில் போட வேண்டும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. விமானி ஆக வேண்டும், அவ்வளவுதான். அவனுக்கோ மூன்றின் மேலும் ஆசை, முப்படை என்ற பட்டப்பெயர் வந்ததே அதனால்தான். வயது வரம்புப்படி அதுதான் அவனுக்குக் கடைசி வாய்ப்பு. எதையும் சோதித்துப் பார்க்காமல் போடமாட்டேன் என்று கிளம்பிவிட்டான்.

முதலில் கடற்படை. கோவளத்தில் ஒரு மீனவரைக் கெஞ்சிக் கூத்தாடிப் படகில் ஏறினான். கரை கண்ணுக்குத் தெரியும்போதே குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி. கடலில் குறை ஒன்றும் இல்லை, அன்றைக்குத் தின்ற பரோட்டாதான் சரியில்லை என்று வந்து சாதித்தான்.

அடுத்து தரைப்படை. முதுகுப்பையில் செங்கல்லை நிரப்பிக்கொண்டு குன்றத்தூர் முருகன் கோயில் மலைப்படியில் ஏறினான். வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்த பெண்கள் வழிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு அம்மாள் காலிலேயே விழுந்துவிட்டார். இறங்கி வந்தவன் கையில் இரண்டு தொன்னை சர்க்கரைப் பொங்கல். தரைப்படைதான் என்று அடித்துச் சொன்னான். மறுநாள் காலை தலைக்கு மேல் ஒரு விமானம் போனது, மனசு மாறிவிட்டது.

அன்று சாயங்காலம் மாடியில் உட்கார்ந்து விமானங்களைப் பார்த்தோம். இறங்கும் விமானத்தின் ஒரு இறக்கையில் சிவப்பு விளக்கும் மறு இறக்கையில் பச்சையும் எரியும், எது எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல் என்றான். இரண்டும் ஒரே நிறம்தானே என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான். நான்கு விமானம் போனது. நான்குக்கும் அதையேதான் சொன்னேன். சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

மறுநாள் பம்மலில் ஒரு கண் டாக்டரிடம் இழுத்துப்போனான். எனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரித்துத் தெரியாதாம். விமானி ஆக முடியாது, கடற்படையும் கஷ்டம், தரைப்படையில் மட்டும் இடமிருக்கலாம் என்றார் டாக்டர். இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தேன். அவனைத் திட்டவும் திட்டினேன். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வந்தது.

"மச்சான், ஆகாசம் போனா போவட்டும், தரை எங்கயும் ஓடிடாது. எந்திரி. உன் போன்ல ஓடிபி வந்துகீது, நம்பரைச் சொல்லு" என்றான்.

எரிச்சலோடு சொன்னேன். ஒரே நிமிடத்தில் எனக்குத் தரைப்படையை முதலாவதாகப் போட்டு அனுப்பிவிட்டான். பிறகு தன் விண்ணப்பத்தைத் திறந்து உட்கார்ந்தான். தரையை மேலே போட்டான், கடலை மேலே போட்டான், வானத்தை மேலே போட்டான். ஆறு மணிக்கு இணையதளம் மூடிக்கொண்டது.

"என்னுத ஒரு நிமிஷத்துல போட்டியேடா. உன்னுது இன்னா ஆச்சு?" என்றேன்.

"உன்னுது ஈஸி மச்சான்" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனான்.

எனக்குத் தரைப்படையில் வேலை கிடைத்தது. பயிற்சி முடிந்த அன்று, வீட்டிலிருந்து இருவர் வந்து தோளுக்கு ஒருவராக அதிகாரிக்குரிய நட்சத்திரம் குத்துவது வழக்கம். அப்பா இல்லாத எனக்கு அம்மாவும் அவனும் வந்தார்கள். தான் வேலைக்குச் சேர்ந்திருந்த நாவலூர் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். இந்த உடுப்பே அவன் கொடுத்ததுதான் என்று சொல்ல நினைத்தேன், அதற்குள் நட்சத்திரங்களை நீட்டிவிட்டார்கள். அம்மா வலது தோளில் குத்தி முடித்தாள். மிச்சமிருந்தது ஒரே ஒரு தோள்.

"எந்தத் தோள்டா மச்சான்?" என்றான் நட்சத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கட்டும் என்று அசையாமல் நின்றேன்.