ஓடும் போர்டும் ஒவ்வொண்ணா பாயும்

மரக்காணத்திலிருந்து கோட்டக்குப்பம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையின் இரண்டு பக்கமும் வாய் உள்ளவர்கள் ஏராளம். காது உள்ளவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் ஒவ்வொண்ணா பாய். நான் அளந்து விடுகிறேன் என்று நினைக்கிறவர்கள், குறுக்கே பேசாமல் தங்களை ஒருவர் முழுதாகக் கேட்டது கடைசியாக எப்போது என்று யோசித்துப் பார்த்துவிட்டு மேலே படிக்கவும். யோசிக்க நேரம் பிடிக்கும். நான் காத்திருக்கிறேன்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஆதார் அட்டையோடு சரி. மரக்காணத்தில் ஒரு டயர் கடைக்கு மேலே மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. மெடிக்கல் ஷாப், பேக்கரி வாசல்களில் சிவப்பு எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடுமே, அந்த போர்டைச் செய்து விற்கிற கம்பெனி. முதலாளி ஓர் உப்பளக்காரர் வீட்டுப் பிள்ளை. அப்பாவுக்கு உப்பு பிடித்தது, பிள்ளைக்கு லைட்டு பிடித்தது. வயரிங் செய்ய சசிகலா, புரோகிராம் எழுத பாய், பெட்டி தூக்க நான். மொத்தம் நாலே பேர். ஆனால் கம்பெனி பெயரில் 'குளோபல்' என்று ஒரு வார்த்தை இருந்தது.

போர்டில் ஓட வேண்டிய வாசகம் வழக்கமாகப் பென் டிரைவில் ஒரு ஃபைலாக வரும். பாயின் புரோகிராம் அதை எழுத்து எழுத்தாக எடுத்து போர்டுக்குத் தள்ளும். ஆனால் பாய் எந்தப் புரோகிராமையும் ஃபைலைக் கொடுத்துச் சோதிக்க மாட்டார். வாசகத்தைப் புரோகிராமுக்குள்ளேயே மேற்கோள் குறி போட்டு எழுதிவிடுவார். அது கம்ப்யூட்டரின் நினைவில் முழுதாக உட்கார்ந்திருக்கும். அதன் தலைமாட்டில் 'ஸ்ட்ரிங் ரீடர்' என்று ஓர் ஆளை நிறுத்துவார். அந்த ஆள், முழு வாசகமும் கையில் இருந்தும், எங்கோ தூரத்திலிருந்து வருகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எடுத்து நீட்டுவான். வாங்கிக்கொள்கிற புரோகிராமுக்கு அது ஃபைலிலிருந்து வருகிறதா, ஃபோனிலிருந்து வருகிறதா, நினைவிலிருந்து வருகிறதா என்று எதுவும் தெரியாது. எழுத்து தீர்ந்துபோனால் 'மைனஸ் ஒன்று' என்று சொல்வான். இனிமேல் ஒன்றுமில்லை, கடையைக் கட்டலாம் என்று அர்த்தம்.

"அதான் முழுசா இருக்குதே பாய், மொத்தமா எடுத்து கொட்ட வேண்டியதுதானே?" என்று சசிகலா ஒருநாள் கேட்டார்.

"கொட்டுனா வாங்கிக்கிறவனுக்கு மூச்சு முட்டும்மா. ஒவ்வொண்ணா வரட்டும்."

அன்றைக்கு வைத்த பெயர்தான்.

இதையெல்லாம் கம்ப்யூட்டரோடு விட்டிருந்தால் ஊருக்குக் கேடில்லை. பாய் மனிதர்களையும் அப்படியேதான் படித்தார். ஒருமுறை பேக்கரி போர்டு தலைகீழாக ஓடியதற்காக முதலாளி அவரை நிற்க வைத்து அரை மணி நேரம் திட்டினார். பாய் கை கட்டி, கண் கொட்டாமல் ஒரு சொல் விடாமல் கேட்டார். முதலாளிக்கு நா வறண்டு தண்ணீர் குடிக்க நிறுத்தினார்.

"மைனஸ் ஒண்ணுங்களா, இன்னும் இருக்குதுங்களா?" என்றார் பாய் பணிவாக.

"என்னது?"

"இல்லீங்க, முடிஞ்சிடுச்சான்னு கேட்டேன். முடியலன்னா நிக்கிறேன்."

முடிந்துதான் இருந்தது. இதைக் கேட்டதும் இன்னும் கால் மணி நேரத்துக்குச் சரக்கு வந்துவிட்டது.

இன்னொரு நாள் சசிகலா தன் நாத்தனார் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் லுஹர் பாங்கு சொல்லிவிட்டார்கள். பாய் எழுந்து, "ஒரு மார்க் போட்டுட்டுப் போறேன்மா" என்று தொழுகைக்குப் போனார். ரீடருக்கு அப்படி ஒரு வசதி உண்டாம். ஓர் இடத்தில் அடையாளம் வைத்துக்கொண்டால் பிறகு அங்கேயே திரும்பி வரலாம். முக்கால் மணி கழித்து பாய் வந்தபோது நாங்கள் கரன்ட் கட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"'நாத்தனா நேரா உள்ள வந்து'. அதுவரைக்கும் ஆச்சு. மேல சொல்லும்மா."

நாத்தனார் நேராக உள்ளே வந்து என்ன செய்தார் என்று அன்றைக்குத்தான் எங்களுக்கும் தெரிந்தது. இரண்டு வருஷமாக அந்தக் கதையின் முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போய்க்கொண்டிருந்திருக்கிறோம்.

அடுத்து என்ன வரும் என்று எட்டிப் பார்ப்பது பாய்க்கு ஆகவே ஆகாது. பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்ததும் கறி எங்கே என்று கிளறுகிற ஜாதி நாம். பாய் மேலிருந்து பொறுமையாக இறங்குவார். அடியில் முட்டை வந்ததும் நிஜமாகவே ஆச்சரியப்படுவார். வாரா வாரம் வெள்ளிக்கிழமை, அதே கடை, அதே முட்டை.

அப்பேர்ப்பட்டவரையும் எட்டிப் பார்க்க வைத்தது தமிழ். ஒரு கல்யாண மண்டபத்துக்கு போர்டு கொடுத்தோம். மணப்பெண் பெயர் கோமதி. நாம் ஒரே எழுத்தாகப் பார்க்கிற 'கோ' கம்ப்யூட்டருக்கு இரண்டு துண்டாம். பாயின் ரீடர் முதலில் 'க'வை நீட்டியது, பிறகு கொம்பையும் காலையும் தனியாக, நடுவில் ஒரு புள்ளி வட்டத்தோடு நீட்டியது. பெண்ணின் தாய்மாமன் மேடையிலிருந்து இறங்கி வந்தார். "என்னங்க இது, பொண்ணு பேரையே ஒடச்சு ஓட விட்டிருக்கீங்க?" பாய் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எழுத்து என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தார். தாலி கட்டி, பந்தி முடிந்து, தாம்பூலப் பை கொடுக்கிறவரை தாய்மாமன் அங்கேயே நின்றிருந்தார்.

அப்புறம் புரோகிராமைத் திருத்தினார். ஒவ்வோர் எழுத்தையும் போர்டுக்கு அனுப்பும் முன் அடுத்தது கொம்பா காலா என்று ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று நாள் அவர் முகத்தில் ஈயாடவில்லை. "ஒண்ணே ஒண்ணுதான் எட்டிப் பாக்குது. வேற வழி இல்ல" என்று கேட்காதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்குத் திக்கும். எழுதும்போது திக்காது, அதனால்தான் இந்தப் பக்கத்தை என்னால் நிரப்ப முடிகிறது. பேசும்போது சில எழுத்துகள் கேட்டில் நின்று அடையாள அட்டை கேட்கும். கஸ்டமர்களிடம் போர்டைப் பற்றி விளக்கிச் சொல்கிற வேலைக்குத்தான் என்னை எடுத்தார்கள். இன்டர்வியூ முழுக்க முதலாளியே பேசிவிட்டதால் அவருக்கு விஷயம் தெரியவில்லை. தெரிந்த பிறகு என்னைப் பெட்டி தூக்க விட்டுவிட்டுத் தானே பேசினார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்:

"ஏம்பா, இந்த மாசம் பாக்குறேன். பேசுற வேலைக்கு வந்துட்டு பேசாம இருந்தா எப்படி? முடியலன்னா சொல்லிடு. எனக்கும் கஷ்டம், உனக்கும் கஷ்டம்."

எனக்கு வேறு வேலை கிடைத்திருக்கும். ஆனால் எனக்கு வேண்டியது இந்த வேலைதான். பேசுகிற வேலை. பள்ளிக்கூடத்திலிருந்து என் வாக்கியங்களை ஊரில் யார் யாரோ முடித்துக் கொடுத்திருக்கிறார்கள். டீக்கடையில் நான் 'கா' என்று ஆரம்பித்தால் காராபூந்தியைப் பொட்டலம் கட்டிவிடுவார்கள். காபி கேட்க வந்தவன் காராபூந்தியோடு வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஒரு தடவையாவது என் வாக்கியத்தை நானே முடித்துச் சம்பளம் வாங்க வேண்டும் என்று ஆசை.

மாதக் கடைசியில் அந்த நாள் வந்தது. உப்பளம் வைத்திருக்கிறவர்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு சங்கம் எங்கள் போர்டைக் காட்டச் சொல்லிக் கூப்பிட்டது. அன்றைக்குப் பார்த்து முதலாளிக்குக் காய்ச்சல், தொண்டை கட்டி வெறும் காற்றுதான் வந்தது. சசிகலா வானூரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்.

"நீ பேசு" என்று முதலாளி என் காதில் காற்றாகச் சொன்னார். பாய் பேசட்டுமே என்று நான் கையைக் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "பாய் ஆரம்பிச்சா அடுத்த சீசன் வந்துடும்பா."

பாத்திகளுக்கு நடுவே ஒரு ஷெட். காலை பதினோரு மணி வெயிலில் வெளியே உப்புக் குவியல்கள் கண்ணைக் கூச வைத்தன. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளில் பத்துப் பதினைந்து பேர், நடுவில் சங்கத் தலைவர். பெட்டியைத் திறந்து போர்டை மாட்டினோம். பென் டிரைவைச் செருகினால் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. உப்புக் காற்று அதன் முனையை அரித்திருந்தது. முதலாளி சத்தமில்லாமல் கத்தினார்.

"ஃபைல் எதுக்குங்க? வாசகம் மண்டையில இருக்குது" என்று பாய் உட்கார்ந்து, மேற்கோள் குறிக்குள் தட்டி, ரீடரை அதன் மேல் நிறுத்தினார். 'சங்க உறுப்பினர்களுக்கு வணக்கம்' என்று போர்டில் ஓடியது, ஒரு கொம்பு கால் சிதறாமல். கைதட்டினார்கள்.

தலைவர் கைதட்டவில்லை. "நல்லா ஓடுதுப்பா. ஆனா இது கடைக்கு வைக்கிறது. அளத்துல இத வச்சு யாருக்குப் படம் காட்டப் போறோம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதில் எனக்குத் தெரியும். யாரும் பேசச் சொல்லாதபோதே நாலு நாளாகக் குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்த பதில். வாயைத் திறந்தேன். உதடு மூடிக்கொண்டது.

"ம்... ம்..."

"மண்ணா?" என்றார் தலைவர் அன்பாக.

"மார்க்கெட்டு" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"மாட்டு வண்டி வர்ற வழியச் சொல்றாரு."

உதவி செய்கிறவர்களிடமிருந்து தப்பிப்பதுதான் உலகத்திலேயே கஷ்டம். ஒவ்வொருவர் ஒரு சொல்லைக் கொடுக்கக் கொடுக்க என் சொல் இன்னும் உள்ளே போனது. வேறு வார்த்தையில் சொல்லிவிடலாமா என்று தேடினேன், திக்குகிறவர்கள் எல்லோரும் செய்கிற வேலை. அந்த ஒரு சொல்லுக்கு மாற்றுச் சொல் கிடைக்கவில்லை. மூலையில் முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். என் மாதம் முடிந்தது என்று புரிந்தது.

அப்போது பாய் லேப்டாப்பை மடக்கிவிட்டு எழுந்தார்.

"ஐயா, மன்னிக்கணும். அவரு இன்னும் முடிக்கலீங்க. மைனஸ் ஒண்ணு வரல."

"என்ன வரல?"

"அவரு சொல்ல வேண்டியது முழுசா உள்ளதான் இருக்குது. ஒவ்வொண்ணாதான் வரும். நீங்க யாரும் எட்டிப் பாக்காதீங்க."

அந்தத் தலைவர் முன்னால் யாரும் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்பதுகூட இல்லை. பாய் யாரையும் பார்க்காமல் கை கட்டிக்கொண்டு என்னை மட்டும் பார்த்தார். அந்த முகத்தில் பரிதாபம் இல்லை, அவசரம் இல்லை. அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்துகொள்கிற ஆசை மட்டும் இருந்தது. என்னை அப்படி ஒருவர் பார்த்து எனக்குப் பழக்கமே இல்லை. வெளியே யாரோ பாத்தியில் உப்பை வாரிக்கொண்டிருந்த சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"மழை" என்றேன்.

உப்பு விளைகிற ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு யாரும் சாய்ந்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள். தலைவர் நிமிர்ந்தார்.

மிச்சமும் துண்டு துண்டாக வந்தது. "மழை வருதுன்னு ஃபோனுக்கு மெசேஜ் வருதுங்க. ஃபோன் சாப்பாட்டுப் பையில கிடக்குது. ஆளுங்க பாத்தியில நிக்கிறாங்க. தெரிஞ்சு ஓடி வந்து தார்ப்பாய் போடுறதுக்குள்ள பாதி குவியல் கரைஞ்சிடுது. இத ஷெட்டு மேல வச்சா, மெசேஜ் வந்த உடனே போர்டுல ஓடும். வரப்புல நின்னாலே தெரியும்." இதைச் சொல்ல எனக்கு ஏழெட்டு நிமிஷம் ஆகியிருக்கும். தார்ப்பாயில் நான் சிக்கியபோது தலைவரின் உதடு துடித்தது. பாய் அவர் பக்கம் திரும்பினார். தலைவர் வாயை மூடிக்கொண்டார்.

நான் முடித்தேன். தலைவர் பாயைப் பார்த்துத் தயக்கத்தோடு, "அந்த மைனஸ் என்னமோ சொன்னியேப்பா, வந்துடுச்சா?" என்றார்.

பாய் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "வந்துடுச்சுங்க. இனிமே நீங்க பேசலாம்."

முதலில் இரண்டு போர்டு வைத்துப் பார்க்கிறோம் என்றார்கள். முதலாளி என் தோளில் கை போட்டு, "நாளையிலேர்ந்து நீ பேசுப்பா, நான் பெட்டி தூக்குறேன்" என்று காற்றாகச் சொன்னார். சொன்னபடி ஒரு வாரம் தூக்கவும் செய்தார். அதன்பின் நாலு வருஷம் அந்த வேலையில் நான் பேசித்தான் சம்பளம் வாங்கினேன். பாய் இப்போது கத்தாரில் இருக்கிறார். அங்கே அவர் எதிரில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்குத் தங்கள் அதிர்ஷ்டம் தெரியுமோ என்னவோ.

அன்றைக்கு ஷெட்டிலிருந்து வந்ததும் பாய்க்கு அவசரமாக வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அவருடைய அம்மாவுக்குக் கண் ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கியிருந்தார்கள். நான் பின்னாலேயே ரோட்டுக்கு ஓடினேன். தேங்க்ஸ் என்று ஒரு சின்ன வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வாயெடுத்தேன், வரவில்லை. அந்தச் சமயம் பார்த்து பாண்டிச்சேரி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இரண்டு தடவை விசில் ஊதி, "ஏறுங்க பாய், ஏறுங்க" என்று கதவைத் தட்டினார். பாய் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், பஸ் பக்கம் திரும்பவே இல்லை. பஸ் கிளம்பி, புழுதி அடங்கி, பிறகுதான் என்னால் சொல்ல முடிந்தது. எனக்காக ஒரு பஸ்ஸை விட்ட மனிதர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.