துரைப் பேயும் அடுக்கு வீடும்

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன ஊரில், பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய தெருவில் பேய்க்குச் செல்வாக்கு வந்த கதை இது. எழுபத்தெட்டாம் வருஷம். வெள்ளிக்கிழமை மாலை ஆனால் அந்தத் தெருவில் சைக்கிள் நுழையாது. கடலை வண்டி, பூக்கூடை, சோடாக் கடை எல்லாம் வந்துவிடும். பேய் பார்க்க வருகிறவர்களுக்கும் பசிக்குமல்லவா?

பேய் குடியிருந்தது பாதி கட்டிய மூன்று மாடி அடுக்கு வீட்டில். வாடகை கொடுத்து மாளாத மில் தொழிலாளர் குடும்பங்கள் சங்கம் சேர்ந்து கட்டிக்கொண்டிருந்த வீடு. எஞ்சினியர் அரிகிருஷ்ணன், தெருவின் லட்சணம் கெடாமல் முன்பக்கத்துக்குப் பழைய வீடுகளைப் போலவே தூண் வைத்திருந்தார். அந்த மனையில் முன்பு இருந்து இடித்த பழைய வீட்டின் செங்கல்லையும் தேக்கு உத்திரத்தையும் திரும்பப் போட்டதில் செலவு குறைந்தது. ஃபேன் இல்லாமலே குளிரட்டும் என்று நடுவில் கிணறுபோல ஒரு திறப்பு விட்டிருந்தார். பிற்பகலில் கடற்காற்று அதில் இறங்கும்போது 'ஊ...' என்று சத்தம் வரும்.

"அது காத்துங்க. மேல ஒரு தட்டி வெச்சா சத்தம் நின்னுடும்," என்றார் அரிகிருஷ்ணன். இவ்வளவு சாதாரணமான விஷயத்தை யார் நம்புவார்கள்?

பாவாடை என்ற பூசாரி சொன்னதை நம்பினார்கள். அங்கே வாழ்ந்து செத்த பிரெஞ்சுத் துரை ஒருவர், தம் தலைமேல் மாடி எழும்புவது பொறுக்காமல் ஊளையிடுகிறாராம். துரை ஆயிற்றே, பொங்கலும் சுண்டலும் இறங்குமா? வாராவாரம் வறுத்த கோழியும் கொன்யாக் பிராந்தி பாட்டிலும் கேட்டார். படைத்தார்கள். துரை, பூசாரியின் வாய் வழியாகவே சாப்பிட்டார்.

தனக்கொடிக்கு வயிறு எரிந்தது. மில்லில் வேலை பார்த்த புருஷன் செத்துப்போன பிறகு, இரண்டு பெண்களோடு ஒற்றை அறையில் இருந்தாள். ஐப்பசி மழைக்குச் சாக்கடை உள்ளே வரும். பிள்ளைகளைப் பரண்மேல் ஏற்றிவிடுவாள். இந்த அடுக்கு வீட்டில் அவளுக்கும் ஒரு வீடு ஒதுக்கியிருந்தார்கள். இப்போதோ பயத்தில் ஆளாளுக்குச் சங்கத்திலிருந்து விலகிக்கொண்டிருந்தார்கள். இன்னும் நாலு பேர் போனால், சங்கத்துக்குக் கொடுத்த மனையைச் சர்க்கார் திரும்ப வாங்கிக்கொள்ளும். அவளுக்கும் பேய்ப் பயம் உண்டு. சாக்கடைப் பயம் அதைவிடப் பெரியது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் சொல்தா தேவதாசைக் கையோடு கூட்டிவந்தாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிற சிப்பாய்களுக்கு அங்கே 'சொல்தா' என்று பெயர்.

பூசாரி கண் சொருகி ஆடிக்கொண்டிருந்தார். "போன்ழூர்! மெர்சி! கொன்யாக் எங்கடா?"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"சாமி, தொரைகிட்ட அவரு பாஷையிலயே ஒரு வார்த்த பேசிக்கலாங்களா?" என்றாள் தனக்கொடி.

சொருகிய கண் ஒன்று லேசாகத் திறந்து மூடியது. அதற்குள் கூட்டமே, "பேசட்டும், பேசட்டும்!" என்றது.

தேவதாஸ் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். "வூ ஸெத் அன் ஆன், முசே!"

"மெர்சி! மெர்சி!" துரை பூரித்துப்போய்த் தலையாட்டினார்.

கூட்டத்துக்குப் புல்லரித்தது. தேவதாசுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "யோவ், 'தொரை, நீரு ஒரு கழுதை'ன்னு சொன்னேன்யா! அதுக்குப் போயி நன்றி சொல்றான்!"

பூசாரி ஆட்டத்தை நிறுத்தாமலே சமாளித்தார். "செத்து நூறு வருஷம் ஆச்சு! பாஷை மறந்துபோச்சு!"

"பாஷை மறந்தவருக்கு பிராந்தி பேரு மட்டும் மறக்கலியா?" என்றாள் தனக்கொடி.

சிரிப்பு தெருமுனைவரை போனது. பூசாரி அதற்கு முன்பே போய்விட்டார். கோழியை விட்டுவிட்டார், பாட்டிலை மட்டும் மறக்கவில்லை.

முதல் ஆளாக விலகிய கோவிந்தராசு, மறுநாளே சங்கத்தில் திரும்பச் சேர்ந்தார். வெளியே வந்து தலையைச் சொறிந்தார். "இருந்தாலும் தனக்கொடி, அவன் பிரெஞ்சுல பேசும்போது ஒரு பக்தி வந்துச்சும்மா."

"வராதா பின்ன?" என்றாள் தனக்கொடி. "எஞ்சினியரு தமிழ்ல சொன்னாரு. புரிஞ்சுது, அதனால மதிக்கல. அவன் ஒளறனது புரியல, அதனால கும்புட்டீங்க. இனிமே புரியாத பாஷையில எவன் வந்து முணுமுணுத்தாலும், கன்னத்துல போட்டுக்கறதுக்கு முன்னாடி 'அதுக்கு இன்னா அர்த்தம்'னு ஒரு வாட்டி கேளுண்ணே."